எல்லை தாண்டும் ஆறுகள் – 14: மூன்று நாடுகளுக்கு ஒரே அணை

1990 ஜனவரியில் அத்தாதுர்க் அணையை நிரப்புவதற்காகத் துருக்கி ஒரு மாதம் யூப்ரடீஸைத் தடுத்து வைத்ததையும், கீழே சிரியாவும் இராக்கும் கொதித்துப் போனதையும் சென்ற வாரம் பார்த்தோம். அணை துருக்கியின் மண்ணில் நிற்கிறது. மதகும் துருக்கியின் கையில். தலைமடைக்காரர் மனம் வைக்காவிட்டால் கடைமடைக்காரர் முறையிடலாம், கெஞ்சலாம், மதகைத் திறக்க முடியாது. அணையே பொதுச்சொத்தாக இருந்தால் என்ன ஆகும்? மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் ஆற்றில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கினி நாட்டின் ஃபூட்டா ஜலோன் மலைகளில் பிறக்கும் பாஃபிங், மாலியில் பாஃபூலாபே என்ற ஊரருகே பகோய் ஆற்றோடு கூடிச் செனகல் ஆறாகிறது. பிறகு மொரித்தானியாவுக்கும் செனகலுக்கும் எல்லையாக ஓடி, செயின்ட் லூயி அருகே அட்லாண்டிக்கில் விழுகிறது. 1970களின் தொடக்கத்தில் சாஹேல் பகுதியை வறட்சி வாட்டியது. மழை பொய்த்து ஆறு மெலிந்தது. கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி 200 கிலோமீட்டர் வரை உப்பாக்கியது. கரையோரத்து ஊர்களில் பயிரும் போயிற்று, குடிநீரும் போயிற்று.

1972 மார்ச்சில் மாலி, மொரித்தானியா, செனகல் மூன்றும் சேர்ந்து செனகல் ஆற்று மேம்பாட்டு அமைப்பைத் தொடங்கின. மூன்றுக்கும் தேவைகள் வேறு. கடல் இல்லாத மாலிக்குக் கப்பல் வழியும் மின்சாரமும் வேண்டும். மற்ற இரண்டுக்கும் பாசனம் முக்கியம். ஆற்றின் போக்கை மாற்றக்கூடிய எந்தத் திட்டத்தையும் மற்றவர் சம்மதமின்றித் தொடங்கக்கூடாது என்று அந்த ஆண்டே எழுதி வைத்தார்கள். 1978 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பொது அணைகள் எந்த நாட்டு மண்ணில் நின்றாலும் அவை மூன்று நாடுகளுக்கும் கூட்டான, பிரிக்க முடியாத சொத்து என்று ஒப்பந்தம் செய்தார்கள். 1982 ஒப்பந்தம் கடனையும் அப்படியே கட்டிப்போட்டது: ஒரு நாடு தவணை கட்டாவிட்டால் மற்ற நாடுகள் பொறுப்பு.

உலகச் சட்டப் புத்தகங்களில் ‘நியாயமான பயன்பாடு’, ‘பெருந்தீங்கு விளைவிக்காமை’ போன்ற நெறிகள் நிறைய உண்டு. 1997இல் ஐ.நா. அவற்றைத் தொகுத்து ஓர் உடன்படிக்கையாக்கியது. அது நடைமுறைக்கு வர 2014 ஆகிவிட்டது. அந்த நெறிகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் செனகல் ஆற்றில் நடந்ததுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல், சொத்தையும் கடனையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

கழிமுகத்தருகே டியாமா அணை 1986இல் முடிந்தது. கடல்நீரைத் தடுப்பது அதன் வேலை. மாலிக்குள் பாஃபிங் ஆற்றின் குறுக்கே மனந்தாலி அணை 1988இல் எழுந்தது. கொள்ளளவு 1,100 கோடி கன மீட்டருக்கு மேல். நம் கணக்கில் சுமார் 400 டி.எம்.சி., அதாவது மேட்டூரைப் போல நான்கு மடங்கு. அங்கே 200 மெகாவாட் மின்நிலையமும் பின்னர் வந்தது. மின்சாரத்தில் மாலிக்கு 52 விழுக்காடு, செனகலுக்கு 33, மொரித்தானியாவுக்கு 15.

அணை கட்டிய ஈரம் காயும் முன்பே சோதனை வந்தது. 1989 ஏப்ரலில் ஆற்றங்கரையில் மேய்ச்சல்காரர்களுக்கும் உழவர்களுக்கும் மூண்ட தகராறு செனகல், மொரித்தானியா இரண்டு நாடுகளிலும் கலவரமாகப் பரவியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மொரித்தானியாவின் கறுப்பின மக்கள் பல்லாயிரம் பேர் ஆற்றுக்கு அந்தப்பக்கம் விரட்டப்பட்டார்கள். அணைகள் வந்தபின் கரையோர நிலத்தின் மதிப்பு ஏறியதும் அந்தப் பகைக்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக்கூடாது. இரு நாடுகளும் தூதரக உறவை முறித்துக்கொண்டன. 1992இல்தான் மீண்டும் சேர்ந்தன. அந்த இடைவெளியிலும் ஆற்று அமைப்பு கலையவில்லை. யாரும் பிரித்து எடுத்துக்கொண்டு போகமுடியாத சொத்து அது. 2000இல் செனகல் தன் வறண்ட பழைய ஆற்றுப்பள்ளங்களுக்குத் தண்ணீர் திருப்ப முனைந்தபோது மொரித்தானியா கொந்தளித்தது; அதிபர் அப்துலாய் வாட் திட்டத்தையே கைவிட்டார்.

அரசுகளுக்கு இடையே இந்த ஏற்பாடு தாங்கியது. கரையில் இருந்தவர்கள் கதை வேறு. உப்புநீர் நின்றதும் டியாமாவுக்கு மேலே ஆண்டு முழுவதும் அசையாத நன்னீர் தேங்கியது. கால்வாய் ஓரமெல்லாம் சம்பங்கோரை மண்டியது. அதன் தண்டுகளில் நத்தை பெருகியது. அந்த நத்தையிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத புழு, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. துணி துவைக்க இறங்கும் பெண்ணுக்கும் குளிக்கும் குழந்தைக்கும் வருவது பில்ஹார்சியா. கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த ரிஷார் டோல் நகரில், அணை வந்த சில ஆண்டுகளுக்குள் அது கொள்ளைநோய் போலப் பரவியது. நத்தையைத் தின்னும் ஆற்று இறாலும் இல்லாமல் போனது. குஞ்சு பொரிக்கக் கழிமுகத்துக்கு இறங்கித் திரும்பிவரும் உயிர் அது; அணை அதன் பாதையை அடைத்துவிட்டது. எந்த ஒப்பந்தத்திலும் இறாலுக்கு வழி விட யாரும் நினைக்கவில்லை.

வெள்ளம் வடிந்த ஈர மண்ணில் சோளம் விதைப்பது அங்கே தலைமுறை வழக்கம். அந்த நிலத்தை வாலோ என்கிறார்கள். உரம் வேண்டாம், இறைக்க வேண்டாம். ஆறு தந்த வண்டல் போதும். வெள்ளம் பரவிய இடத்தில்தான் மீன் குஞ்சு வளரும், மாடு மேயும். மனந்தாலி வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டதும் வாலோவும் சுருங்கியது. ஆகஸ்ட், செப்டம்பரில் அணையைத் திறந்து செயற்கை வெள்ளம் விடலாம்தான். ஆனால் அப்படி விடும் நீர் மின்சாரத்துக்கு இழப்பு. நகரத்து விளக்குக்கும் உழவரின் சோளத்துக்கும் போட்டி என்றால் எது வெல்லும் என்று நமக்குத் தெரியும்.

2002 மே மாதம் கையெழுத்தான ஆற்றுநீர்ச் சாசனம் இதைத் திருத்த முயன்றது. இத்தனை டி.எம்.சி. உனக்கு, இத்தனை எனக்கு என்று பங்கு பிரிக்காமல், பாசனம், மின்சாரம், மீன்பிடிப்பு, குடிநீர், சூழல் என்று பயன்களின் வழியே நீரைப் பகிர்வது அதன் முறை. அசாதாரண ஆண்டுகள் நீங்கலாக ஆண்டுதோறும் வெள்ளம் விட வேண்டும் என்று அது உறுதி சொல்கிறது. அணையின் நீர்த்திறப்பு பற்றி நிரந்தர நீர் ஆணையம் கூடி ஆலோசனை தருகிறது. 2006இல் கினியும் அமைப்பில் சேர்ந்தபின் ஊற்று முதல் கழிமுகம் வரை எல்லா நாடுகளும் ஒரே மேசையில் உட்காருகின்றன.

வாலோ உழவரும் மீனவரும்? அந்த ஆணையத்தில் அவர்கள் பிரதிநிதிகள் பார்வையாளர்களாக உட்காரலாம் என்று சாசனம் இடம் தந்திருக்கிறது. அணையைக் கூட்டாக வைத்துக்கொள்ளத் துணிந்த அரசுகள், வெள்ளத்தின் நாளையும் அளவையும் முடிவு செய்யும் வாக்கில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுக்க இன்னும் துணியவில்லை. கொடுத்தாக வேண்டும் என்பதே என் வாதம். மனந்தாலி மதகு திறக்கும் நாளை வைத்துத்தான் அவர்கள் விதைக்கிறார்கள்.

(தொடரும்)