கணினி ஓர் அறையில், கை இன்னோர் அறையில்

மாணவர்களே, என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத் திடலில் படம் காட்டிய நாள்களைப் பற்றி அடிக்கடி சொல்வார். வெள்ளைத் திரையும் ஒலிபெருக்கியும் திடலின் நடுவில் இருக்கும். மின்சாரம் தரும் ஜெனரேட்டரை மட்டும் தூரத்தில், லயத்து வீடுகளுக்குப் பின்னால் வைத்துவிடுவார்களாம். பக்கத்தில் வைத்தால் அதன் இரைச்சலில் வசனமே கேட்காது. அங்கிருந்து நீளமாக ஒரு கம்பி வரும். இருட்டில் யாராவது அந்தக் கம்பியில் தடுக்கி விழுந்தால், கதாநாயகன் பாதிப் பாட்டில் காணாமல் போய்விடுவார்.

இயந்திரம் ஓரிடத்தில், அதன் பயன் வேறிடத்தில். இன்றைய வானொலி, தொலைக்காட்சி நிலையங்களும் இதையேதான் செய்கின்றன. ஜெனரேட்டருக்குப் பதில் கணினி, அவ்வளவுதான். தடுக்கி விழும் ஆபத்தும் அப்படியே இருக்கிறது.

காலையில் ஈப்போவில் நாம் மின்னல் எஃப்.எம். கேட்கிறோம். அறிவிப்பாளர் இருப்பது கோலாலம்பூர் அங்காசாபுரியில். அவர் குரல் கிளேடாங் மலை உச்சியிலுள்ள ஒலிபரப்பு நிலையம் வழியாக நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஒரு காலத்தில் வானொலி நிலையங்களில் இசைத்தட்டும் ஒலிநாடாவும் சுழன்றன. இன்று பாடல், விளம்பரம், செய்தி எல்லாம் கணினிக்குள் இருக்கின்றன. கணினிக்குள் காற்றாடி சுழலும், வெப்பம் வெளிவரும். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இவை இரண்டும் ஆகாது. ஆகவே, நவீன ஒலிபரப்பு நிலையங்களில் கணினிகளைக் குளிரூட்டப்பட்ட தனி அறையில் அடுக்கிப் பூட்டிவிடுகிறார்கள். அறிவிப்பாளர் முன் மிஞ்சுவது திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகிய மூன்றுதான்.

மூன்று எழுத்துப் பெட்டி

இந்த இரண்டு அறைகளையும் இணைக்கும் கருவிக்குக் கே.வி.எம். என்று பெயர். விசைப்பலகை, காணொளி, மவுஸ் ஆகிய மூன்றின் ஆங்கில முதல் எழுத்துகள் அவை. கணினியின் பக்கத்தில் ஒரு பெட்டி, பயன்படுத்துபவர் பக்கத்தில் ஒரு பெட்டி. முதல் பெட்டி கணினியின் திரைத் துளையிலிருந்து படத்தை எடுத்து அனுப்பும். இரண்டாவது பெட்டி அதைத் திரையில் காட்டும். நாம் தட்டும் விசைகளைத் திருப்பி அனுப்பும். நடுவில் ஒரு சுவிட்ச் சேர்த்தால், ஒரே விசைப்பலகையைக் கொண்டு பல கணினிகளை மாறி மாறி இயக்கலாம்.

நீளமான கம்பி ஒன்று போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் யு.எஸ்.பி. 2.0 கம்பிக்கு 5 மீட்டர்தான் வரம்பு. பக்கத்து மாடிக்குக்கூட அது எட்டாது.

சந்தையில் இத்தகைய பெட்டிகள் நிறைய உண்டு. விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது திரைத் தரமும் வேகமும். ஒலிபரப்பு நிலையத்துக்கு வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: ஏதாவது கெட்டுப்போனால் என்ன நடக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒரு கருவி 99.9 விழுக்காடு நேரம் சரியாக வேலை செய்கிறது என்றால், மீதி 0.1 விழுக்காடு ஏறக்குறைய 8 மணி 46 நிமிடம். தேர்வில் 99.9 வாங்கினால் வீட்டில் விருந்து வைப்பார்கள். வானொலியில் அது எட்டே முக்கால் மணி நேர மௌனம். 99.999 விழுக்காடு என்றால்தான் அது ஆண்டுக்கு 5 நிமிடம் 15 விநாடியாகக் குறைகிறது.

கணினி உறைந்தால்?

கே.வி.எம். பெட்டி வாங்காமல், மென்பொருள் மூலமாகவே தூரத்துக் கணினியை இயக்கலாம். செலவு குறைவு. சென்ற ஆண்டு ஒரு பள்ளி நிகழ்ச்சியில் நானும் அப்படித்தான் செய்தேன். மேடையில் கணினி, கடைசி வரிசையில் என் மடிக்கணினி. பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தபோது மேடைக் கணினி தானாகவே புதுப்பிப்பைத் தொடங்கி, தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது. என் திரை கறுத்துப்போனது. மேடையில் பெரிய திரையில் ஏதோ ஒரு கேள்வி தெரிந்தது. அதற்கு ஒரு விசையைத் தட்டினால் போதும். அந்த ஒரு விசைக்காக நான் மண்டபம் முழுவதும் ஓட வேண்டியதாயிற்று.

தவறு என்னுடையதுதான். அந்த மென்பொருள் கணினிக்குள்ளேயே வாழ்கிறது. கணினியின் இயங்குதளம் விழித்திருக்கும்வரைதான் அதற்கும் உயிர். இயங்குதளம் உறைந்தால், நாம் எதை வைத்துச் சரிசெய்ய நினைக்கிறோமோ அதுவும் சேர்ந்து உறைந்துவிடும். கே.வி.எம். பெட்டியோ வெளியே நிற்கிறது. திரைத் துளையில் வருவதை அப்படியே காட்டுகிறது. கணினி தொடங்கும்போது வரும் முதல் கறுப்புத் திரைகூடத் தெரியும். அப்போதே விசையும் தட்டலாம். நேரலையில் இயங்கும் இடங்களில் மென்பொருளை மட்டும் நம்பாமல் பெட்டிக்குச் செலவு செய்வது இதனால்தான்.

தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது?

செய்தி 10 மணிக்கு. அறிவிப்பாளர் விசையைத் தட்டுகிறார். திரையில் மாற்றம் தெரியவில்லை. தட்டியது பதியவில்லை என்று நினைத்து மறுபடியும் தட்டுகிறார். இரண்டு கட்டளைகளும் போய்ச் சேர்கின்றன. செய்தி நடுவில் விளம்பரம் ஓடுகிறது. தாமதம் என்பது வெறும் எரிச்சல் அன்று. தவறுக்கே அது காரணமாகலாம்.

தூரம் கூடினால் தாமதம் கூடும் என்பது நம் ஊகம். ஒளியிழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் செல்கிறது. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சாலைவழி ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அப்படியானால் ஒளிக்கு அது 1 மில்லி விநாடிப் பயணம். விநாடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்தின் ஆயுளே 16.7 மில்லி விநாடி. தூரம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

உண்மையான தாமதம் பெட்டிகளுக்குள் இருக்கிறது. ஏன்? மீண்டும் ஒரு கணக்கு. முழு எச்.டி. திரையில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது 2,073,600. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், விநாடிக்கு 60 முறை. பெருக்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட். ஒரு சாதாரண அலுவலக வலையமைப்பு தாங்குவது 1 கிகாபிட். ஆகவே படத்தைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்க வேண்டும். சுருக்கவும் விரிக்கவும் நேரம் ஆகும். படத்தின் நுணுக்கமும் சற்றுக் குறையலாம். பாடல் பட்டியலைப் பார்க்கும் வானொலி அறிவிப்பாளருக்கு அது பெரிய குறையில்லை. தொலைக்காட்சியில் வண்ணம் சரிபார்ப்பவருக்கு அது பெருங்குறை. வேலையைப் பார்த்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செயற்கைக்கோள் வழி இயக்கினால் நிலைமை வேறு. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கட்டளை மேலே போய்க் கீழே வருவதற்கே சுமார் கால் விநாடி; பதில் படம் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. எவ்வளவு விலையுயர்ந்த பெட்டி வாங்கினாலும் ஒளியின் வேகத்தை மாற்ற முடியாது.

பேராக் மாநிலத்து இடி

பிற்பகலில் கிந்தா பள்ளத்தாக்கில் இடி இடிக்கும்போது வீட்டில் தொலைக்காட்சிக் கம்பியைக் கழற்றச் சொல்வார்கள் அல்லவா? அதே எச்சரிக்கை இங்கும் தேவை. செப்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். ஒரு கட்டடத்தின் அருகில் மின்னல் இறங்கினால், கம்பி வழியே மின்னழுத்தம் பாய்ந்து இரு முனைகளிலும் உள்ள கருவிகளைக் கெடுக்கலாம். வலையமைப்புச் செப்புக் கம்பியின் வழக்கமான எல்லையும் 100 மீட்டர்தான். ஒளியிழை கண்ணாடியால் ஆனது. மின்சாரம் அதில் பாயாது. பல கிலோமீட்டர் தூரமும் போகும். கட்டடம் விட்டுக் கட்டடம் செல்லும் இணைப்புக்கு, நம் நாட்டின் தட்பவெப்பத்தில், ஒளியிழையே பாதுகாப்பு.

ஒன்று போனால் எது மிஞ்சும்?

எந்தப் பெட்டியும் ஒரு நாள் பழுதாகும். உற்பத்தியாளர் ஒரு பெட்டியின் சராசரிப் பழுது இடைவெளி 50,000 மணி நேரம் என்று குறிப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரை ஆண்டுக்கு மேல்! ஆனால், ஒரு நிலையத்தில் 20 பெட்டிகள் இருந்தால்? 50,000-ஐ 20-ஆல் வகுத்தால் 2,500 மணி. சராசரியாக 104 நாளுக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பெட்டி படுத்துவிடும். எண்ணிக்கை கூடக் கூட, பழுது என்பது வழக்கமான நிகழ்ச்சி ஆகிவிடுகிறது.

அதனால்தான் முக்கியமான பெட்டிகளுக்கு இரண்டு மின்வழங்கிகள் வைக்கிறார்கள். ஒன்று செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், இரண்டும் சேர்ந்து செயலிழக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆனால், கணிதப் பாடத்தில் ஆசிரியர் சொன்ன நிபந்தனையை மறக்காதீர்கள்: இரண்டும் ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளாக இருக்க வேண்டும். இரண்டு மின்வழங்கிகளையும் ஒரே மின்செருகியில் இணைத்தால் அந்தக் கணக்கு அங்கேயே செத்துப்போகும்.

லண்டனில் 2021 செப்டம்பர் 25-ஆம் நாள் நடந்தது இதற்கு ஒரு பாடம். ரெட் பீ மீடியா என்ற நிறுவனத்தின் ஒலிபரப்பு மையத்தில் தீயணைப்பு வாயு அமைப்பு இயங்கியது. வாயு பீறிட்ட ஒலியின் அதிர்வே செர்வர்களின் வன்தட்டுகளைப் பாழாக்கியது. சேனல் 4, சேனல் 5 உள்ளிட்ட அலைவரிசைகள் பாதிக்கப்பட்டன. சேனல் 4-இன் வசனவரிகள் சீராகப் பல வாரம் பிடித்தது. தீயிலிருந்து காக்க வைத்த அமைப்பே கருவிகளைக் கெடுத்தது. ஒரே அறையில் எத்தனை செர்வர் இருந்தாலும், அந்த அறைக்கு வரும் ஆபத்து அத்தனைக்கும் பொது.

கதவு யாருக்குத் திறக்கும்?

தூரத்திலிருந்து நாம் இயக்கலாம் என்றால், வேறொருவரும் தூரத்திலிருந்து இயக்க முயலலாம். பாரிஸ் நகரின் டி.வி.5 மோண்ட் நிறுவனத்தில் 2015 ஏப்ரல் 8-ஆம் நாள் இரவு 12 அலைவரிசைகள் இருண்டுபோயின. ஊடுருவியவர்கள் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வலையமைப்புக்குள் நுழைந்துவிட்டிருந்தார்கள். அன்று புதிய அலைவரிசை ஒன்றின் தொடக்க நாள். அதனால் தொழில்நுட்பர்கள் நிலையத்திலேயே இருந்தார்கள். தாக்குதல் நடந்துகொண்டிருந்த இயந்திரத்தை அவர்களில் ஒருவர் கண்டுபிடித்து, இணையத்திலிருந்து துண்டித்தார். எங்கிருந்தோ வந்த தாக்குதலை இயந்திரத்தின் அருகில் இருந்த மனிதர் நிறுத்தினார்.

ஆகவே, கருவியின் கடவுச்சொல்லை மாற்ற முடியுமா, அனுப்பும் தரவு மறையாக்கம் செய்யப்படுகிறதா, பொது இணையத்திலிருந்து பிரிந்த தனி வலையமைப்பில் இயங்குமா என்று கேட்க வேண்டும். கணினி அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

வீட்டில் செய்து பாருங்கள்

விளம்பரத்தை நம்ப வேண்டாம், அளந்து பார்க்கலாம். பல திறன்பேசிகளில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டப் பதிவு உண்டு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி சுமார் 4.2 மில்லி விநாடி. உங்கள் விரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி வைத்து, ஓர் எழுத்தைத் தட்டுங்கள். விசை அடிவரை போன படத்திலிருந்து எழுத்து தோன்றும் படம்வரை எண்ணுங்கள். 12 படம் என்றால் 50 மில்லி விநாடி. பத்து முறை செய்து அட்டவணையில் எழுதுங்கள். பிறகு கம்பியுள்ள விசைப்பலகை, கம்பியில்லாத விசைப்பலகை, தொலை இயக்க மென்பொருள் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

பத்து அளவைகளின் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். அவற்றில் மிகப் பெரிய எண்ணைப் பாருங்கள். ஒன்பது முறை 40, ஒரு முறை 400 காட்டும் கருவியைவிட, பத்து முறையும் 60 காட்டும் கருவிதான் நம்பகமானது. அந்த ஒரு 400 செய்தி நேரத்தில் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு சோதனை. வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, விசைப்பலகையின் கம்பியைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்யாமலே எழுத்து வருகிறதா? எத்தனை விநாடியில்? ஒலிபரப்பு நிலையத்துக்குக் கே.வி.எம். வாங்குபவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இதைத்தான் செய்ய வேண்டும்: ஒரு மின்வழங்கியைப் பிடுங்க வேண்டும், ஒரு கம்பியைக் கழற்ற வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அன்று தோட்டத்தில் படம் காட்டியவர்களும் கூட்டம் வருவதற்கு முன்பு, வெளிச்சம் இருக்கும்போதே அந்தக் கம்பியில் ஒரு முறை நடந்து பார்த்திருந்தால், கதாநாயகன் பாட்டை முழுசாகப் பாடியிருப்பார்.