வீட்டுக்கு அனுப்பிய பிறகு

செஞ்சிக் கோட்டையைக் காண வருகிற ஜனங்களில் பெரும்பாலோர் எட்டிப் பாராமலே போய்விடுகிற திருநாதர் குன்றில், 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கிய பெரும்பாறை ஒன்றும், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உணவு துறந்து உயிர் நீத்ததைச் சொல்லும், வட்டெழுத்தின் தொடக்க நிலையைக் காட்டுகிற புராதன சாஸனமும் இருக்கின்றன. சல்லேகனை என்ற அந்த விரதத்தைப் பற்றி நமக்குள் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆயினும் அதை ஏற்றவரைத் தனியே விட்டுவிடாமல், கடைசி மூச்சு வரையில் அருகிருந்து சிசுருஷை செய்ய நிர்யாபகர் என்ற துறவிகள் இருக்க வேண்டுமென்று சமண நூல்கள் விதித்திருப்பது கவனிக்கத்தக்கது.

நவீன வைத்தியம் இந்தக் கடமையை வெகு காலம் மறந்திருந்தது. தாதியாயிருந்து பின்பு வைத்தியரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்து, சாகப் போகிறவரின் வலியில் தேகத்தோடு மனமும் குடும்பமும் ஆன்மாவும் பங்கு கொள்கின்றன என்று எடுத்துக்காட்டினார். பம்பாயில் 1986-ல் சாந்தி அவேதனா இல்லமும், 1993-ல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரண மையமும் தோன்றின. பின்னது, ஊர்த் தொண்டர்களைக் கொண்டு வீடு தேடிச் செல்லும் முறையாகக் கேரளமெங்கும் பரவிற்று.

நமக்குப் பொருந்துவதும் அந்த முறைதான் என்பது என் துணிபு. புற்றுநோய் முற்றியவரைப் புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் பஸ்ஸில் அலைத்துவிட்டு, ஒருநாள், “வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கேட்டதைக் கொடுங்கள்” என்ற வார்த்தையோடு திரும்பும் குடும்பம், வைத்தியம் முடிந்துவிட்டது என்றே எண்ணுகிறது. உண்மையில் அங்கேதான் வேறொரு வைத்தியம் தொடங்க வேண்டும்: படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுதல், சிறுநீர்க் குழாயை மாற்றுதல், வாயைச் சுத்தம் செய்தல், மூச்சுத் திணறலைத் தணித்தல், இவற்றையெல்லாம் வீட்டாருக்குக் கற்பித்தல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இத்தகைய நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருப்பது, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் பேச்சில் பலர் காதில் விழாமலே போயிற்று.

கடும் வலிக்கு மார்பின் மாத்திரை சிறந்த மருந்து. உரிய அளவில் கொடுத்தால் மரணத்தை விரைவுபடுத்தாது. மலச்சிக்கல் உண்டாக்குமாதலால் அதற்கும் மருந்து சேர்த்தே கொடுப்பார்கள். 1985-ன் போதைப்பொருள் சட்டம் இதைப் பெறுவதை மிகக் கடினமாக்கியது. 2014-ல் திருத்தம் வந்த பின்னும் அடிமையாகிவிடுவோமென்ற அச்சம் தீர்ந்தபாடில்லை.

துக்கமோ நோயாளி இருக்கும்போதே வீட்டில் நுழைந்துவிடுகிறது. இரவெல்லாம் கண் விழித்த மனைவிக்கு, இறந்த பின் சுமை குறைந்ததென்ற ஆறுதல் ஒரு கணம் தோன்றி, உடனே அதற்காகவே குற்றவுணர்ச்சியும் தோன்றும். அது இயற்கையே என்று சொல்ல ஒருவர் வேண்டும். நம் சமூகம் பதினாறாம் நாள் காரியம் வரையில் பந்துக்களைக் கூட்டி வைத்திருக்கிறது. மெச்சத்தக்க ஏற்பாடுதான், ஆனால் பந்தல் பிரித்த மறுநாள் வீடு வெறிச்சோடிவிடுகிறது. நல்ல ஆதரவுக் குழுக்கள் மரணத்திற்குப் பின்னும் சில முறை அந்த வீட்டுப் படியேறுவது இதற்காகவே.

செஞ்சி வட்டாரத்து வாசகர்கள், தம் வீட்டிலோ தெருவிலோ இப்படிப் படுத்திருப்பவர் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று கேட்டு அவர் பெயரைப் பதிவு செய்யும்படி வேண்டுகிறேன்.