அஜைல் திட்டமிடல்

மாணவர்களே, நீர்வீழ்ச்சி மாதிரியில் தேவைகளை இனங்காணல், வடிவமைத்தல், குறிமுறையாக்கல், சோதித்தல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும் எனக் கற்றுள்ளீர்கள். பயனர் மென்பொருளை இறுதியிலேயே காண்பார். இடையில் தேவை மாறினால் என்ன நிகழும்?

ஐக்கிய அமெரிக்காவின் எவ்.பி.ஐ. தனது புலனாய்வுக் கோவைகளைக் கணினிமயப்படுத்த முற்பட்டபோது தேவைகள் மீண்டும் மீண்டும் மாறின. ஏறத்தாழ 170 மில்லியன் டொலர் செலவான நிலையில் 2005 இல் அம்மென்பொருள் கைவிடப்பட்டது. அதன்பின் ஆரம்பித்த சென்டினல் திட்டமும் தாமதமடைந்தது. 2010 இல் எவ்.பி.ஐ. அதனைத் தானே பொறுப்பேற்று அஜைல் முறைக்கு மாற்றியது. 2012 ஜூலையில் அது பாவனைக்கு வந்தது.

அஜைல் பிரகடனம் 2001 பெப்ரவரியில் யூற்றா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்களால் உருவாக்கப்பட்டது. அஜைல் முறைகளுள் பிரபலமானது ஸ்க்ரம் ஆகும். அதனைப் பின்பற்றும் குழுக்கள் பொதுவாகத் திட்டமிடும் விதம் பின்வருமாறு:

1. உற்பத்தி உரிமையாளர் தேவைகளை முக்கியத்துவ ஒழுங்கில் பட்டியலிடுவார்.
2. ஒவ்வொரு தேவைக்குமான வேலையின் அளவைக் குழுவினர் புள்ளிகளால் மதிப்பிடுவர்.
3. ஒரு மாதத்துக்கு மேற்படாத சுற்றுக்கு (ஸ்பிரின்ற்) முடிக்கக்கூடிய வேலையைத் தெரிவுசெய்வர்.
4. நாள்தோறும் 15 நிமிடத்துக்கு மேற்படாமல் கூடி முன்னேற்றத்தை ஆராய்வர்.
5. சுற்றின் முடிவில் செய்து முடித்ததைக் காட்டிக் கருத்தறிந்து பட்டியலைத் திருத்துவர்.

பயிற்சி: ஒரு குழு கடந்த 3 சுற்றுகளில் 18, 22, 20 புள்ளிகளை முடித்தது. மீதி 120 புள்ளிகள். ஒரு சுற்று 2 வாரம். எவ்வளவு காலம் தேவை?

விடை: சராசரி 20. 120 ÷ 20 = 6 சுற்றுகள், அதாவது 12 வாரங்கள்.

மேலும் 2 சுற்றுகளில் 40 புள்ளிகள் முடிந்தபின் பயனர் 30 புள்ளி வேலையைப் புதிதாகக் கேட்கின்றார். இப்போது மீதி 80 + 30 = 110. 110 ÷ 20 = 5.5, எனவே 6 சுற்றுகள். ஆரம்பத்திலிருந்து மொத்தம் 16 வாரங்கள். முடிவுத் திகதியை மாற்ற முடியாதெனின், பட்டியலின் அடியிலுள்ள 30 புள்ளி வேலையைப் பிற்போட வேண்டும். எதைப் பிற்போடுவது என்பதை உற்பத்தி உரிமையாளரே தீர்மானிப்பார்.

கவனிக்க: “அஜைல் என்பது திட்டமின்றி வேலை செய்தல்” என எழுதுவது தவறு. நீர்வீழ்ச்சி மாதிரியில் முழுத் திட்டமும் தொடக்கத்திலேயே வகுக்கப்படும். அஜைலில் ஒவ்வொரு சுற்றிலும் திட்டம் மீளாய்வு செய்யப்படும். இவ்வேறுபாட்டை உதாரணத்துடன் எழுதப் பழகுங்கள்.