வீட்டிலே மத்தளத்தை ஒலிப்பதிவு செய்ய எவை தேவை?

மட்டக்களப்புக் கூத்திலே மத்தளம் அடிப்பவர் அண்ணாவியார். அவருடைய தாளக்கட்டுக்கே ஆட்டம் நடக்கிறது. அந்த அடிகள் கையிலும் காதிலுமே பெரிதும் வாழ்கின்றன. இடம்பெயர்ந்த குடும்பங்களில் பழக வேண்டிய பிள்ளை ஓரிடத்திலும் அண்ணாவியார் வேறிடத்திலும் இருப்பதுண்டு. ஆகவே முதியவர்களின் அடியை இப்போதே பதிந்து வைப்பது நல்லது. இதற்கு எதை வாங்கலாம், எதை விடலாம் எனப் பார்ப்போம்.

கையடக்கத் தொலைபேசி போதாதா?

கேட்டு மகிழப் போதும். ஆனால் அது பெரும்பாலும் மெல்லிய ஒலியைத் தானாக உயர்த்திப் பலத்த ஒலியைத் தாழ்த்திவிடும். அழுத்தி அடித்ததும் மெல்லத் தட்டியதும் ஒன்றுபோலக் கேட்கும். பழகும் பிள்ளைக்கு அந்த வேறுபாடுதான் பாடம்.

ஓடியோ இன்ரபேஸ்

மைக்கைக் கணனியுடன் இணைக்கும் சிறு பெட்டி இது. மத்தளத்துக்கு இரண்டு முகம். ஆகவே இரண்டு மைக் பூட்டக்கூடிய பெட்டி போதும். எட்டு மைக் பூட்டும் பெட்டி மேலைநாட்டு ட்ரம் செற்றுக்கு உதவும், எமக்கு வீண்செலவு. யூ.எஸ்.பி. வயரிலேயே மின்சாரம் பெறும் பெட்டியைத் தெரிவு செய்யுங்கள். மின்சாரம் இல்லாத வேளையிலும் மடிக்கணனியின் பற்றரியில் அது இயங்கும். மைக் 'டைனமிக்' வகையாக இருக்கட்டும். 'கொண்டென்சர்' வகைக்குப் பெட்டியிலிருந்து 48 வோல்ற் கொடுக்க வேண்டும். பற்றரி விரைவில் இறங்கும்.

மென்பொருள்

2000ஆம் ஆண்டு முதல் கிடைத்துவரும் ஓடாசிற்றி இலவசமானது. இரண்டு மைக்கைப் பதிய அது தாராளமாகப் போதும். றீப்பர் என்பதை 60 நாள் பரீட்சித்துப் பார்த்தபின் பணம் கட்ட வேண்டும். பல வாத்தியங்களைத் தனித்தனியே பதிந்து சேர்ப்பவர்களுக்கே அது தேவைப்படும்.

பதியும் முறை

1. ஒவ்வொரு முகத்திலிருந்தும் ஒரு சாண் தள்ளி ஒரு மைக் வையுங்கள். மென்பொருளில் 'ஸ்ரீரியோ' எனத் தெரிவு செய்தால் இரு கையின் அடியும் இரு தடத்தில் பதியும். சற்றுக் கலந்தாலும் ஒவ்வொரு கையையும் பிள்ளை பிரித்துக் கேட்கலாம்.

2. முதலில் மிகப் பலமாக அடிக்கச் சொல்லுங்கள். ஒலிமானி −10 டெசிபெல்லைத் தாண்டாதபடி பெட்டியின் குமிழைத் திருப்புங்கள். 0 வரை போனால் ஒலி கிழிந்துவிடும். பின்னர் சீராக்குவது கடினம்.

3. தாளக்கட்டை அண்ணாவியார் முதலில் வாயால் சொல்லட்டும். பின் மெதுவாகவும், அதன்பின் ஆட்டத்தின் வேகத்திலும் அடிக்கட்டும். சல்லரியைப் பிறகு சேர்க்கலாம்.

4. 24 பிற், 48 கிலோ ஹேர்ட்ஸ் அளவில் 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கள். இரு தடமும் சேர்ந்து மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. இடம் பிடிக்கும்.

5. இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். ஒரு வீட்டார் மீண்டும் இடம்பெயர நேர்ந்தாலும் மற்றப் பிரதி எஞ்சும்.

நாலைந்து குடும்பங்கள் கூடி ஒரு பெட்டியும் இரண்டு மைக்கும் வாங்கினால் செலவு குறையும். அண்ணாவியாரின் சம்மதத்தைக் கேட்டு, அவருடைய பெயர், ஊர், பதிந்த திகதி ஆகியவற்றை அவர் குரலிலேயே முதலில் பதிந்துகொள்ளுங்கள்.