முக்கொம்பில் ஒரு கலாசாலை விசாரம்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில், அகண்ட காவிரி வந்து இரண்டாகப் பிரியும் இடத்திற்கு முக்கொம்பு என்று பெயர். வருகிற ஆறு ஒன்று, பிரிந்து போகிற காவிரியும் கொள்ளிடமும் இரண்டு, ஆக மூன்று கொம்பு. கட்டுச்சாத மூட்டையுடன் அங்கே சென்று மரநிழலில் ஒரு பகற்பொழுதைக் கழிக்காத திருச்சிக் குடும்பம் அநேகமாக இராது. சென்ற மாதம் ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு நாமும் சென்றிருந்தோம். புளியோதரை தீருவதற்கு முன்பே, நண்பரின் குமாரியை எந்தக் கலாசாலையில், எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற விவகாரம் மூண்டுவிட்டது.

பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்குகளுடன் தேறியிருந்தாள். தகப்பனாரின் கட்சி, அணுசக்தித் தொழில்நுட்பம்: "இனி வரும் காலத்துக்கு அதுதான் ஸார்!" தாயாரின் கட்சி, கணிதம்: உள்ளூரிலேயே பி.எஸ்ஸி., பிறகு பி.எட்.; வீட்டிலிருந்தே போய் வரலாம். பெண்ணின் கட்சி சங்கீதம். ஏழு வயதிலிருந்து வீணை கற்று வருகிறாள். "மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்று அவள் நம்மைப் பார்த்தபோது, தப்பித்துக்கொள்ள ஆற்றங்கரையில் இடமில்லை.

முதலில் கணிதத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் கணிதம் படிக்க இடத்துக்குக் குறைவில்லை. பெண்களுக்கென்றே ஹோலி கிராஸ் கலாசாலை 1923 முதலும், சீதாலக்ஷ்மி ராமஸ்வாமி கலாசாலை 1951 முதலும் நடந்து வருகின்றன. 1844ல் நாகப்பட்டினத்தில் தோன்றிய அர்ச். சூசையப்பர் கலாசாலை 1883ல் திருச்சிக்கு வந்தது. 1937ல் பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்த ரஸீன் பாதிரியார் அந்தக் கலாசாலையில்தான் முதலில் கணிதம் போதித்தார். பிற்பாடு சென்னை லயோலா கலாசாலைக்குச் சென்ற அவரிடம் படித்தவர்களில் சி. எஸ். சேஷாத்ரி ஒருவர். உலகப் புகழ் பெற்ற கணித மேதையான இந்தச் சேஷாத்ரி கர்நாடக சங்கீதம் பாடுவதிலும் தேர்ந்தவர் என்பதைச் சொன்னவுடன், பெண் தாயாரை ஒரு பார்வை பார்த்தாள். தாயார் ஊறுகாய்ப் பாத்திரத்தை மூடுவதில் கவனமாயிருந்தார்.

சங்கீதத்துக்கும் ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தில் அரசாங்க இசைப்பள்ளி இருக்கிறது. கிறிஸ்தவப் பாதிரிமார் 1977ல் தொடங்கிய கலைக்காவிரி, பாரதிதாசன் சர்வகலாசாலையின் இணைப்புடன் சங்கீதத்துக்கும் பரதநாட்டியத்துக்கும் பட்டம் அளிக்கும் கலாசாலையாகத் திருச்சியில் வளர்ந்திருக்கிறது. சங்கீதத்தைக் குருவின் வீட்டுத் திண்ணையிலிருந்து கலாசாலைக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் முக்கியமானது, 1929ல் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் ஏற்படுத்திய இசைக் கல்லூரி. கலாசாலையில் சங்கீதம் வளருமா என்று அன்று சந்தேகித்தவர்கள் உண்டு. சந்தேகம் முற்றும் தவறென்று நாம் சொல்லமாட்டோம். மணியடித்தவுடன் ஆலாபனையை நிறுத்தும் வித்தை இன்னும் யாருக்கும் கைவரவில்லை.

அணுசக்திக்கு வருவோம். இங்கேதான் பெற்றோர்களிடம் அதிகத் தப்பபிப்பிராயம் இருக்கிறது. அந்தத் துறைக்குப் போக, 'அணு' என்ற சொல் பொறித்த பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. டாக்டர் ஹோமி பாபா 1957ல் பம்பாயில் ஆரம்பித்த பயிற்சிப் பள்ளி, பொறியியல் பட்டதாரிகளையும் பௌதிகம், ரசாயனம் முதலியவற்றில் எம்.எஸ்ஸி. தேறியவர்களையும் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்து, ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து வேலைக்கு அமர்த்துகிறது. இந்த வழியில் வந்தவர்கள்தாம் நம் அணு உலைகளை ஸ்வதேசி உலைகளாக்கினார்கள். கல்பாக்கத்தில் முதல் உலை 1984ல் வர்த்தக ரீதியில் மின்சாரம் தரத் தொடங்கியது. திருச்சியையே பாருங்கள்: திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலையில் அணு மின் நிலையங்களுக்கான நீராவிக் கலங்களும் செய்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் செய்கிற பண்டத்தைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"ஆபத்தில்லையா?" என்றார் தாயார். நியாயமான கேள்வி. 2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமாவில் நடந்ததை உலகம் கண்டது. அதே வருஷம் கூடங்குளத்துக் கடற்கரையில் இடிந்தகரை ஜனங்கள் திரண்டு நின்றார்கள். அவர்களுடைய பயத்தைப் பரிகசிப்பது படித்தவர்களுக்கு அழகல்ல. ஆனால் அந்தப் பயத்துக்குப் பொறுப்பான பதில் சொல்லவும், பதில் சரியல்லவென்றால் சரியல்லவென்று எடுத்துக் காட்டவும், விஷயம் தெரிந்த நம் பிள்ளைகள்தாமே வேண்டும்?

இவ்வளவும் கேட்ட பெண், "மூன்றுக்கும் சம்பந்தமே கிடையாதா?" என்றாள். நாம் காத்திருந்த கேள்வி இதுதான்.

காவிரி கடந்தால் திருவானைக்காவல். அங்கே 1888 நவம்பர் 7ந் தேதி பிறந்தவர் ஸர் சி. வி. ராமன். தகப்பனார் கணிதமும் பௌதிகமும் போதித்தவர். பிடில் வாசிக்கத் தெரிந்தவர். குமாரருக்கு 1930ல் கிடைத்த நோபல் பரிசு ஒளி ஆராய்ச்சிக்காக. அதற்குப் பத்து வருஷம் முன்பே அவர் மிருதங்கத்தை ஆராய்ந்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. சாதாரணப் பறையின் தோலைத் தட்டினால் எழும் நாதங்கள் ஒன்றுக்கொன்று இசைவதில்லை. அடிநாதத்தின் அதிர்வு ஒன்று என்றால், அடுத்தது இரண்டாக இராமல் 1.59 ஆக இருக்கும். அதனால்தான் அது வெறும் ஓசை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ, கிட்டக்கல் பொடியையும் சாதத்தையும் சேர்த்துத் தேய்த்த கரணை இருக்கிறது. அந்தப் பளு, அதிர்வுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. முதல் ஒன்பது வகை அதிர்வுகளும் ஐந்தே ஸ்வரங்களில் வந்து அடங்குகின்றன என்று ராமன் காட்டினார். பெயர் தெரியாத நம் தொழிலாளி எவனோ கைப்பழக்கத்தால் கண்ட சூக்ஷ்மம் அது!

கரணையில்லாத அந்த வட்டத்தோலின் அதிர்வைக் கணக்கிட, பெஸ்ஸல் என்ற ஜெர்மானிய வான சாஸ்திரியின் பெயரால் வழங்கும் ஒரு சார்பு உதவுகிறது. நடுவில் உயர்ந்து, ஓரத்தில் பூஜ்யமாகும் வளைவு. அதற்கு உரிய எண் 2.405. இனிமேல்தான் வேடிக்கை. உருளை வடிவமான அணு உலைக்குள் நியூட்ரான் கூட்டம் நடுவில் அடர்ந்து ஓரத்தில் குறைகிறது. எளிய உருளை உலை ஒன்றில் அது எப்படிக் குறைகிறது என்று கணக்குப் போட்டால், வருவது அதே பெஸ்ஸல் சார்பு, அதே 2.405!

இன்னொன்றும் உண்டு. யுரேனியம் 235 பிளக்கும்போது பிறக்கும் நியூட்ரான்கள் ஏறக்குறைய எல்லாம் உடனே புறப்பட்டுவிடுகின்றன. ஆயிரத்துக்குச் சுமார் ஆறரை மட்டும், சில விநாடிகளோ அதற்கு மேலோ தாமதித்து வருகின்றன. இடம் தள்ளி எடுக்கும் இந்தச் சிறு கூட்டம் இருப்பதால்தான் உலையை மனிதன் கட்டுக்குள் வைத்து ஆள முடிகிறது.

பம்பாயில் அணு ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ராஜா ராமண்ணா பியானோ வாசிப்பதில் நிபுணர். ராகங்களையும் மேனாட்டு சங்கீதத்தையும் ஒப்பிட்டுப் புத்தகமே எழுதியவர். ஆனால் நம் கலாசாலைகளில் கணித வகுப்புக்கும் சங்கீத வகுப்புக்கும் நடுவே நெடுஞ்சுவர் எழுப்பியிருக்கிறோம். முக்கொம்பில் 1836ல் ஆர்தர் காட்டன் துரை மேலணை கட்டியதற்குக் காரணம், பள்ளமான கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு காவிரியை வறட்டியதுதான். நம் பிள்ளைகளையும் இன்று பொறியியல் என்ற ஒரே பள்ளம் இழுத்துக்கொண்டிருக்கிறது. தடுத்துப் பிரித்துவிடும் அணையைத்தான் காணோம்.

சிறு கதவு ஒன்று திறந்திருப்பது உண்மை. ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்களுக்குப் படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் சர்வகலாசாலை மானியக் குழு அனுமதித்தது. வகுப்பு நேரங்கள் மோதக்கூடாது. ஒன்றைத் தபால் வழியிலும் படிக்கலாம். அந்தந்தச் சர்வகலாசாலையும் சம்மதிக்க வேண்டும். இதைச் சொன்னதும் நண்பர், "இது ஏன் எங்களுக்குத் தெரியவில்லை?" என்றார். தெரிந்திருக்க வேண்டியவர்களே பலர் அறியவில்லை என்று பதில் சொன்னோம்.

பௌதிகம் முதற்பட்டம், சங்கீதம் இரண்டாவது. பம்பாய்ப் பள்ளிக்குப் போவதா என்பது எம்.எஸ்ஸி.க்குப் பிறகு என்று பெண்ணே ஓர் ஏற்பாடு சொன்னாள். பௌதிகத்தோடு கணிதமும் துணைப் பாடமாக வருமென்று தெரிந்த பிறகே தாயார் இறங்கி வந்தார். நண்பர் ஒன்றும் பேசாமல், விரலை விட்டு இரண்டு சம்பளங்களையும் கூட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் கலாசாலை ஆபீசுக்கு நாமும் கூட வர வேண்டுமாம். வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.