ஒரு பெண்மணி! 70 ஆயிரம் கார்கள்!

போளூரில் இருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறுகிறவர்களுக்குத் தெரியும், கியர் எவ்வளவு முக்கியம் என்று. வளைவில் வண்டி உதறி நின்றால் உயிர் போய்த் திரும்பும்!

புத்தம் புதுக் காரே அப்படி உதறினால்?

ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது. போர்டு கம்பெனி "பவர்ஷிப்ட்" என்ற தானியங்கி கியர் பெட்டியுடன் கார்களை விற்றது. எண்ணெய் கசிந்து கிளட்சில் பட்டது. கார் உதறியது. "நீங்கள் ஓட்டும் விதம் அப்படி" என்று பழியை வாங்கியவர் தலையிலேயே போட்டார்கள்! புகார்களை நடத்திய விதத்துக்காக 2018-ல் கோர்ட்டு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

கார் வாங்கிய ஒரு பெண்மணியும் சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடுத்தார். தமக்காக மட்டும் அல்ல, ஏறக்குறைய 70 ஆயிரம் கார்களின் சொந்தக்காரர்களுக்காகவும்! கியர் பெட்டியில் குறை உண்டு என்று 2021-ல் தீர்ப்பு வந்தது. நஷ்டஈட்டுக் கணக்கோ 2024-ல் அந்நாட்டு உச்ச கோர்ட்டு வரை போயிற்று.

நம் ஊரில் முடியுமா?

முடியும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-வது பிரிவு வழி விடுகிறது. ஒரே குறையால் பலர் பாதிக்கப்பட்டால், எல்லாருக்குமாக ஒருவரே புகார் கொடுக்கலாம். கமிஷனின் அனுமதி வேண்டும்.

தனி ஆளாகவும் போகலாம். கார் வாங்கியது சென்னையில் என்றாலும், போளூர்க்காரர் திருவண்ணாமலையில் உள்ள மாவட்டக் கமிஷனிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் தருகிற ஜாப் கார்டைப் பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். "கியர் உதறுகிறது" என்று தேதியுடன் அதில் எழுதி இருந்தால், கமிஷனில் அதுதான் சாட்சி!