ஃபுகுஷிமா அரிசியை யார் வாங்குவார்?

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இன்னொரு டீ சொல்லி வைத்துவிடுங்கள்.

அணு உலை விபத்து நடந்த ஊர் அரிசியை நீங்கள் வாங்குவீர்களா? யோசிப்பீர்கள், இல்லையா? 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு ஜப்பானின் ஃபுகுஷிமா விவசாயிகள் மாட்டிக்கொண்டது இந்த யோசனையில்தான். சுனாமியில் சேதமான அணு உலையிலிருந்து கிளம்பிய கதிரியக்க சீசியம் வயல்களில் படிந்தது. எல்லா வயலிலும் அல்ல. மேற்கே ஐசு பகுதி மலைகளுக்கு அந்தப் பக்கம், உலையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் மூட்டையில் அச்சாவது மாகாணத்தின் பெயர். அந்தப் பெயரைப் பார்த்ததும் கை பின்வாங்கிவிடும்.

முதல் வருஷமே அதிகாரிகள் சறுக்கினார்கள். அங்கங்கே மாதிரி எடுத்துப் பார்த்து, எல்லாம் வரம்புக்குள் இருந்ததால், எங்கள் அரிசி பாதுகாப்பானது என்று அக்டோபரில் மாகாண ஆளுநரே அறிவித்தார் (அங்கே ஆளுநர் நியமனம் இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர்). நவம்பரில் ஓனாமி என்கிற பகுதியின் அரிசியில் கிலோவுக்கு 630 பெக்கரல் சீசியம் இருப்பது தெரிந்தது. அன்றைய வரம்பு 500. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்; அளவு அவ்வளவுதான், பெயர்தான் மிரட்டும்.

யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மாதிரி எடுத்த இடத்தில் இல்லாதது, எடுக்காத இடத்தில் இருந்தது. ஆனால் கடையில் நிற்பவருக்கு அந்த நியாயம் எதற்கு? சரி என்றார்கள், சரியில்லை என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் அமைச்சரே டிவியில் சாப்பிட்டுக் காட்டினாலும் எடுபடாது.

2012 ஏப்ரலில் வரம்பை 100 ஆகக் குறைத்தார்கள். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் அனுமதிப்பது 1,000. அந்த அறுவடையிலிருந்து மாதிரி எடுக்கும் வேலையையும் விட்டுவிட்டு, மாகாணத்தில் விளைந்த அத்தனை மூட்டைகளையும் சோதித்தார்கள். 30 கிலோ மூட்டை பெல்ட்டில் ஏறும், கருவிக்கு அடியில் சில நொடி நிற்கும், தேறினால் எண் போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்படும். அந்த எண்ணை வைத்து அந்த மூட்டையின் முடிவை யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகமான மூட்டை தனியே போய் நுணுக்கமான சோதனைக்கு உட்படும். வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை! 2012-இல் வரம்பு தாண்டியவை 71. அடுத்த வருஷம் 28, அதற்கடுத்து 2. 2015 அறுவடையிலிருந்து ஒன்றுகூட இல்லை.

என்னைக் கேட்டால், நம்பிக்கையை மீட்டதில் அந்த 71-க்குத்தான் பெரிய பங்கு. எதையுமே தள்ளாத சோதனையை யார் நம்புவார்?

ஆனால் சோதனை சீசியத்தைக் குறைக்காது. குறைத்தது பொட்டாசியம். நெற்பயிரின் வேருக்கு சீசியமும் பொட்டாசியமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். வயலில் பொட்டாஷ் உரத்தைத் தாராளமாகப் போட்டால், பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, பொட்டாசியம் முந்திக்கொள்ளும். பழத்தோட்டங்களில் வேறு பாடு. பீச், பேரி மரங்களின் பட்டையைக் கடுங்குளிரில் நின்று உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கிருந்த நுகர்வோர் கூட்டுறவுகள் செய்த வேலை. குடும்பங்களிடம் ஓர் ஆள் சாப்பாட்டைக் கூடுதலாகச் சமைக்கச் சொல்லி, இரண்டு நாள் சாப்பாட்டை நொறுக்குத்தீனி உட்பட வாங்கிக்கொண்டுபோய், அரைத்து அளந்தார்கள். அரிசிக்கு இத்தனை, மீனுக்கு இத்தனை என்ற கணக்கெல்லாம் தாய்மார்களுக்கு வேண்டாம். என் பிள்ளையின் தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி.

வியாபாரம் மட்டும் வேறு தினுசு. ஃபுகுஷிமா பொருளை வாங்கத் தயங்குவதாகச் சொன்னவர்கள் ஆரம்பத்தில் ஐந்தில் ஒருவர். பிறகு அது ஒற்றை இலக்க சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அதற்குள் கடை அலமாரியில் வேறு மாகாணத்து அரிசி உட்கார்ந்துவிட்டது. கடைக்காரர் ஏன் மாற்றப் போகிறார்? ஃபுகுஷிமா அரிசியில் பெரும்பங்கு ஹோட்டலுக்கும் டப்பாச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் போனது, குறைந்த விலைக்கு, ஊர்ப் பெயர் வெளியே தெரியாமல். பயம் போனதும் விலை தானாக ஏறிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது கசப்பான பாடம்.

சோதனையை எப்போது நிறுத்துவது என்பதும் சங்கடம்தான். நிறுத்தினால் மறைக்கிறார்கள் என்பார்கள். தொடர்ந்தால் ஒவ்வொரு ஸ்டிக்கரும் விபத்தை நினைவூட்டும். 2020 அறுவடையிலிருந்து பெரும்பாலான ஊர்களில் மறுபடி மாதிரிச் சோதனைக்குத் திரும்பினார்கள். மக்கள் வெளியேற்றப்பட்ட பகுதிகளில் மட்டும் மூட்டைக்கு மூட்டை தொடர்ந்தது. ஆனால் வயலுக்குப் போட்டதுபோல் காட்டுக்குப் பொட்டாஷ் போட ஆளில்லை. அதனால் காட்டுக் காளானுக்கும் காட்டுப்பன்றி இறைச்சிக்கும் பல இடங்களில் தடை நீடிக்கிறது. அந்தத் தடைப் பட்டியலையும் ஊர் வாரியாக அரசே வெளியிடுகிறது.